குளிருக்கு இதமான காய்கறிச் சாறு: பாலும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம்!

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரில் பொழுது சாய்வதற்கு முன்பே ஸ்வெட்டரும் மப்ளரும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடுகின்றன. சென்னையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும் அதே வேளையில், இங்கே கைகளைத் தேய்த்துக்கொண்டு சூடாக ஏதாவது கிடைக்காதா என்று தேடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அல்லவா? பக்கத்தில் உள்ள தளியை வெள்ளைக்காரர்கள் ‘சின்ன இங்கிலாந்து’ என்று அழைத்தது சும்மா அல்ல.

அந்தக் காலத்தில் இந்தக் குளிருக்கு அஞ்ச வேண்டியவர்கள் குடியானவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களுமே. இப்போது அப்படி இல்லை. 1971-ல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. 1980-ல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரங்கள் வந்தன. இவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ பட்டறைகள்! தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்த இளைஞர்களும் பெண்களும் அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு உறக்கத்தையும் உணவையும் மாற்றிக்கொண்டு வாழ்கிறார்கள்.

குளிர்ந்த மாலையில் வேலை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு எதிரே தெரிவது டீக்கடை. ஒரு டீ, இரண்டு பஜ்ஜி. சற்று நேரம் கழித்துப் பரோட்டா. வயிறு நிரம்பிவிடும், ஆனால் காய்கறி என்பது கண்ணிலும் படாது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு என்ன ஆகும்? இத்தனைக்கும் அந்தத் தொழிற்சாலை மதில்களுக்கு அப்பால் சில மைல் தூரத்திலேயே காரட்டும் கோசும் பீன்சும் தக்காளியும் விளைந்து, லாரி லாரியாகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன!

ஓட்டல் சூப்பும் வீட்டுச் சாறும்

“சூப் சாப்பிடலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டலில் கிடைக்கும் சூப் பெரும்பாலும் சோள மாவின் கெட்டித்தன்மையையும், வெண்ணெய் அல்லது பாலேட்டின் வழவழப்பையும் நம்பியே நிற்கிறது. காய்கறி என்ற பெயருக்குச் சில துண்டுகள் மேலே மிதக்கும். பொட்டலத்தில் வரும் சூப் தூளிலோ உப்பு மிகுதி.

பாலும் பாலேடும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, குழந்தைப் பருவம் கடந்த பிறகு பலருடைய குடலில் குறைந்துவிடுகிறது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருடைய நிலை இதுவே; தென்னிந்தியர்களிலும் இத்தகையோர் அநேகர். மாலையில் பால் கலந்ததைக் குடித்துவிட்டு வயிற்று உப்புசம், இரைச்சல் என்று அவதிப்படுகிறவர்கள், காரணம் தெரியாமலே பழியைப் பஜ்ஜியின் மேல் போடுவதும் உண்டு.

பால் இல்லாமல் சூப்பா? அதில் சுவை எங்கிருந்து வரும்? இந்தச் சந்தேகத்துக்கு விடை சொல்ல மேல்நாட்டுச் சமையல் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஓசூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் அடுக்களையை எட்டிப் பார்த்தால் போதும்.

மூன்று மொழிக்கும் ஒரே சாறு

இந்த எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கின்றன. தமிழர் ‘களி’ என்பதைக் கன்னடர் ‘முத்தெ’ என்பார். தெலுங்கர் ‘சங்கட்டி’ என்பார். பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றே: கேழ்வரகு உருண்டை. அதற்குத் தோதாக வைக்கும் நீர்த்த குழம்பும் அப்படியே. தமிழில் சாறு, கன்னடத்தில் ‘சாரு’, தெலுங்கில் ‘சாரு’.

அவற்றுள் ‘பஸ்ஸாரு’ என்று கன்னட வீடுகளில் வைக்கும் ஒன்று கவனிக்கத் தக்கது. பயறையும் கீரையையும் சேர்த்து வேகவைத்து, நீரை வடித்துக்கொள்வார்கள். வடித்து வந்த காயும் பயறும் பொரியலாகிவிடும். அந்த நீரில் மிளகு, சீரகம், பூண்டு முதலியவற்றை அரைத்துவிட்டுக் கொதிக்க வைத்தால் சாறு தயார். ஒரே அடுப்பில் இரண்டு பதார்த்தம். ஒரு சொட்டு கூட வீண் இல்லை!

இதில் சிக்கனம் மட்டுமல்ல, விஞ்ஞானமும் இருக்கிறது. ‘பி’ வகை வைட்டமின்களும் ‘சி’ வைட்டமினும் நீரில் கரையக் கூடியவை. காயை வேகவைத்து நீரைக் கொட்டுகிறவர்கள் அவற்றில் ஒரு பகுதியையும் சேர்த்தே சாக்கடையில் கொட்டுகிறார்கள். சாறு வைக்கிறவர்களோ அதைக் கிண்ணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

சூப் என்றாலே அந்நியச் சரக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆங்கிலேயர் விருந்துகளில் பெயர் பெற்ற ‘முல்லிகட்டானி’ சூப் வேறொன்றுமில்லை. நம்முடைய மிளகுத் தண்ணீரேதான். 1886-ல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதைத் தெளிவாகவே குறித்திருக்கிறது. நாம் கொடுத்த மிளகுத் தண்ணீரில் அவர்கள் இறைச்சியும் பாலேடும் சேர்த்துக்கொண்டார்கள். அதை நாம் மறுபடியும் விலை கொடுத்து வாங்கிக் குடிக்க வேண்டுமா?

பனிக்காலத்து மொச்சை

குளிர் காலத்துக்கென்றே இந்தப் பகுதியில் ஒரு விசேஷம் உண்டு. அதுதான் பச்சை மொச்சை. கன்னடத்தில் ‘அவரெக்காய்’. மார்கழியிலும் தையிலும் சந்தையில் குவியல் குவியலாக வந்து இறங்கும். பனியில் விளைந்த காயின் தோலில் ஒரு தனி மணம் ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னடர்கள் அதைச் ‘சொகடு’ என்று சிலாகிப்பார்கள். பெங்களூரில் ஜனவரி மாதத்தில் இந்தக் காய்க்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது என்றால் அதன் மவுசைச் சொல்லவும் வேண்டுமா? கொட்டையை நீரில் ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோலை நீக்கிவிட்டால் ‘பிதுக்கம் பருப்பு’. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பொங்கலை ஒட்டிய நாட்களில் இதை ருசிக்காத வீடு குறைவு.

சாற்றுக்குப் பாலேடு தருகிற கெட்டித்தன்மையை இந்த மொச்சையே தந்துவிடும். ஒரு கரண்டி வெந்த மொச்சையை மசித்துவிட்டால் அதன் மாவுச்சத்தும் புரதமும் கரைந்து, சாறு தானாகவே திரண்டு நிற்கும்.

செய்முறை

நால்வருக்கு வேண்டிய அளவு: உரித்த பச்சை மொச்சை 1 கப்; காரட் 1; பீன்ஸ் 10; சிறிய நூக்கோல் 1; பழுத்த தக்காளி 3; சின்ன வெங்காயம் 10; பூண்டு 6 பல்; ஆய்ந்த தண்டுக்கீரை ஒரு கைப்பிடி; மிளகு, சீரகம் தலா 1 தேக்கரண்டி; மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை; கேழ்வரகு மாவு 1 மேஜைக்கரண்டி; கடலெண்ணெய் 2 தேக்கரண்டி; உப்பு 1 தேக்கரண்டி; எலுமிச்சம்பழம் பாதி; தண்ணீர் 6 டம்ளர்.

முதலில் மொச்சையை மஞ்சள் தூளுடன் 5 டம்ளர் தண்ணீரில் மிருதுவாகும் வரை வேகவிட வேண்டும். குக்கரானால் மூன்று விசில். வெந்ததும் ஒரு கரண்டி மொச்சையைத் தனியே எடுத்து மசித்துக்கொள்ளலாம். மிக்ஸி இல்லாவிட்டாலும் மத்துப் போதும்.

வேறொரு பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தையும், நான்கு பல் பூண்டையும், பிறகு தக்காளியையும் போட்டுக் குழைய வதக்க வேண்டும். எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனும், காரட்டில் உள்ள கரோட்டீனும் சிறிது கொழுப்புடன் சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

இதில் பொடியாக நறுக்கிய காரட், பீன்ஸ், நூக்கோல், வெந்த மொச்சை, அதன் நீர், மசித்த விழுது எல்லாவற்றையும் சேர்த்து உப்பிட்டு, மூடி போட்டு வேகவிடுக. காய் வெந்தபின் கீரையைப் போடலாம். கீரைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

இனிதான் பக்குவம் தேவை. கேழ்வரகு மாவை மீதமுள்ள ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். மாவை நேரே கொதிக்கும் சாற்றில் கொட்டினால், உருண்டையின் மேற்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே பச்சை மாவு அகப்பட்டுக்கொள்ளும். கரைத்து ஊற்றி ஐந்து நிமிஷம் கொதித்தால் பச்சை வாடை போய்விடும். கடைசியில் மிளகு, சீரகம், மீதிப் பூண்டு ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுக. எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகே பிழிய வேண்டும்; சூட்டில் ‘சி’ வைட்டமின் அழிந்துவிடும்.

பால் சேர்க்காததில் இங்கே ஒரு லாபமும் உண்டு. தக்காளியின் புளிப்பும் எலுமிச்சையும் பட்டால் பால் திரிந்துபோகும். பால் இல்லாத சாற்றில் அந்தக் கவலை கிடையாது. புளிப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

பச்சை மொச்சை கிடைக்காத மாதங்களில் துவரம் பருப்போ கொள்ளோ அந்த இடத்தை நிரப்பும். உலர்ந்த மொச்சையானால் இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவிட வேண்டும். அரைவேக்காடு கூடாது.

சுண்ணாம்புச் சத்துக்கு என்ன வழி?

பாலை விட்டால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கே கிடைக்கும் என்று கேட்பது நியாயமே. சாற்றில் போடும் ஒரு கரண்டி மாவு அதற்குப் போதாது. ஆனால் சாற்றுடன் களி உண்டால் கணக்கு மாறுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து உண்டு. ஏறத்தாழ 300 மில்லி பசும்பாலில் இருக்கும் அளவு. அதில் உள்ள பைட்டிக் அமிலத்தின் காரணமாக முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது உண்மையே. தானியத்தை முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அந்தக் குறை ஓரளவு நீங்கும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். லாக்டோஸ் செரிக்காமை வேறு. பால் ஒவ்வாமை வேறு. முன்னது வயிற்றை வருத்துவதோடு நின்றுவிடும். பின்னது பாலில் உள்ள புரதத்தால் வருவது. சிலருக்கு மூச்சுத் திணறல் வரை கொண்டுபோகும். அத்தகையோருக்குச் சாறு பரிமாறும்போது மணத்துக்காக ஒரு துளி நெய் கூட விடலாகாது. பொட்டலத்து மசாலாப் பொடிகளைச் சேர்ப்பதானால் உறையில் பால் பொருள் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நலம்.

சளிக்கு இது மருந்து என்று சொல்வதற்கில்லை. சூடான ஆவியில் மூக்கடைப்புச் சற்றுத் தளரும். தொண்டைக்கு இதமாக இருக்கும். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீரைக் குறைத்துவிடுகிறவர்களுக்கு ஒரு பெரிய கிண்ணம் நீர் உள்ளே போவதே நன்மை. மேலே சொன்ன ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கிராம் அளவு. நால்வருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குச் சுமார் ஒன்றே கால் கிராம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அறைவாசிகளுக்கு

“இதெல்லாம் குடும்பஸ்தர்களுக்கு; ஒற்றை அறையில் நால்வர் தங்கும் எங்களுக்கு ஏது வசதி?” என்று வேலைக்கு வந்த இளைஞர்கள் கேட்கலாம். அவர்களுக்கும் வழி உண்டு. வதக்குவது முதல் வேகவிடுவது வரை எல்லாவற்றையும் ஒரே குக்கரில் முடித்துவிடலாம். மாவையும் மிளகையும் மட்டும் மூடி திறந்த பிறகு சேர்த்தால் சரி. ஒருவர் காய் நறுக்க, ஒருவர் மொச்சை உரிக்க, முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். ஓட்டலில் வரிசையில் நிற்கும் நேரத்தைவிட இது அதிகமில்லை.

இன்னொரு நன்மை, காய் விளைவிக்கிறவனுக்கு. ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துத் தக்காளியின் கதை ஊரறிந்தது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே தக்காளி, வரத்து மிகுந்த நாட்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்படுவதும் உண்டு. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம், விளைவிப்பவனையும் சமைப்பவளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. விலை சரிந்த வாரத்தில் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு அறையும் கூடுதலாக ஒரு கிலோ வாங்கிச் சாறு வைத்தால் உழவனின் நஷ்டம் முழுவதும் தீராதுதான். ஆனால் சாலையில் நசுங்க இருந்த பழம் ஒரு கிண்ணத்தில் உணவாகும்.

ஓசூர் லாரி செய்கிறது, மொபெட் செய்கிறது, கைக்கடிகாரம் செய்கிறது. அவற்றைச் செய்கிற கைகளுக்கு ராத்திரியில் சூடான காய்கறிச் சாறு கிடைக்க வேண்டாமா? அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் சந்தையில் தயாராக இருக்கிறது. அடுப்பை மூட்டுவதுதான் பாக்கி!