உங்களுக்குத் தெரியுமா? உலோகத்துக்கும் வியாதி உண்டு!

பழைய கிராமபோன்களின் சில உலோகப் பாகங்கள், ஒருநாளும் உபயோகிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தபோதிலும், தாமாகவே பருத்து, வளைந்து, வெடித்து, இறுதியில் கைபட்ட மாத்திரத்தில் உதிர்ந்துவிடக் கூடியவை!

• காரணம்: 1920-களில், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் ‘சவுண்டு பாக்ஸ்’ என்ற பாகத்தின் பின்தகடு முதலியவற்றை வார்க்கப் பயன்பட்ட துத்தநாகக் கலவையில் அற்ப அளவே சேர்ந்துவிட்ட ஈயம். அது இருக்குமிடத்தில், ஈரக்காற்றின் சகவாசத்தால், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு பரவிக்கொண்டே செல்கிறது.

• பரிகாரம்: பிரேக்கின் தோல், மோட்டாரின் அச்சைத் தாங்கும் ‘புஷ்’ போன்றவை தேய்ந்தால் மாற்றிச் சீர்செய்து, நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகத்தை மீட்டுவிடலாம். ஆனால் அரிப்பு கண்ட வார்ப்பைப் பற்றவைத்துப் பிரயோஜனமில்லை; பித்தளையிலோ அலுமினியத்திலோ புதிய பாகம் செய்து பொருத்துவதே மார்க்கம்.

• விமோசனம்: 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி, 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகத்தை ஆதாரமாகக் கொண்டு ‘ஸமாக்’ என்னும் கலவைகளை உருவாக்கியது; அத்தகைய சுத்த உலோகம் வழக்கத்துக்கு வந்த பிறகே, வார்ப்புகளை வாட்டிய இவ்வியாதி படிப்படியாக அடங்கிற்று.

• எச்சரிக்கை: பழைய கிராமபோனை வாங்க விழையும் அன்பர்கள், மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காமல், வார்ப்பில் மயிரிழை விரிசல் உண்டா என்பதையே முதலில் பரிசோதிக்க வேண்டும்.