சங்கிலியின் ஐந்து கண்ணிகள்

1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுகி முறுகி நீரில் வீழ்ந்தது. பெரும்புயல் ஏதும் அன்று வீசவில்லை. பாரம் தாங்க வல்ல பாலம், காற்றுக்குத் தோற்றதேன்?

இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் பேராசிரியர் ஆலன் டேவன்போர்ட். 1932இல் நம் சென்னையில் பிறந்தவர், கனடாவில் பணியாற்றியவர். அங்கே மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் 1965இல் காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். கட்டடத்தின் சிற்றுருவை மட்டுமன்றி, அதனைச் சூழ்ந்த வீடுகளையும் தெருக்களையும் அமைத்து, தரையை உராய்ந்து கொந்தளித்து வரும் காற்றை அதன்மீது வீசச் செய்தார்.

ஊரின் காற்றியல்பு, நிலத்தின் அமைப்பு, கட்டடத்தின் வடிவம், அதன் அசைவு, நாம் வகுக்கும் பாதுகாப்பு அளவு ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது அவர்தம் போதனை. ஒரு கண்ணி நலிந்தால், ஏனையவற்றின் வலிமை வீணே.

2009இல் அவர் மறைந்தார். அவர் கற்பித்த பாடம் சிறு வீட்டுக்கும் பொருந்தும். வீடு கட்டும் அன்பர்களே, சுவரின் கனத்தை மட்டும் பார்த்து அமைதி கொள்ளாதீர்கள். கூரை சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் இறுகப் பிணைந்துள்ளனவா எனக் கொத்தனாரிடம் கேளுங்கள். புயல் நாளில் பிள்ளைகளைக் காப்பது அந்தப் பிணைப்பே.