'மூர்' எனும் இனப்பெயர்

கண்டிக்கு அண்மையிலுள்ள மடவளையில், வீட்டிலே தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் இனம் அரச பதிவுகளில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' எனவும், சிங்களத்தில் 'லங்கா யோனக' எனவும், ஆங்கிலத்தில் 'ஸ்ரீலங்கா மூர்' எனவும் குறிக்கப்படுகின்றது. சோனகர், யோனக ஆகிய இரண்டும் 'யவனர்' என்பதோடு உறவுடையன. கிரேக்கரின் அயோனியாவிலிருந்து பிறந்த அப்பெயர், மேற்கிலிருந்து கடல்வழி வந்த வணிகரைச் சுட்டிப் பின்னர் அராபியர்க்குரியதாயிற்று. 'மூர்' வேறொரு வரலாறுடையது.

வட ஆபிரிக்காவின் மௌரித்தானியாவில், அதாவது இன்றைய மொறோக்கோவையும் வட அல்ஜீரியாவையும் சார்ந்த பகுதியில், வாழ்ந்தோரை உரோமர் 'மௌரி' என்றனர். 711இல் ஐபீரியாவினுள் முஸ்லிம் படைகள் புகுந்தபின் அச்சொல் அங்கு சமயப் பகைவனின் பெயராயிற்று. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொணர்ந்தது இப்பொருளையே. பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ஸ்பானியர் 'மோரோ' என்றதும் இவ்வாறே. வணிகப் போட்டியாளனைச் சமயப் பகைவனாகவும் காட்ட அச்சொல் வசதியாயிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆங்கிலேயராட்சியில் இச்சமயப் பெயர் இனப்பெயராக இறுகிற்று. மலாயரும் முஸ்லிம்களே, எனினும் குடிசன மதிப்பீட்டில் அவர்கள் 'மூர்' அல்லர். இம்மாற்றத்தின் பொருளியல், அரசியல் அடிப்படையை அறியச் சட்டநிரூபண சபையை நோக்க வேண்டும். அங்கு இனவாரியாக நியமன ஆசனங்கள் வழங்கப்பட்டமையால், இனம் எது என்ற வினா ஆசனம் யாருக்கு என்ற வினாவாயிற்று. சோனகர் இனத்தால் தமிழரே என 1885இல் அச்சபையில் வாதிட்ட பொன்னம்பலம் இராமநாதன், 1888இல் அதனை ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டார். 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது; எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அராபிய வழித்தோற்றத்தை வலியுறுத்தி இராமநாதனுக்கு 1907இல் மறுப்பெழுதினார். மொழியொருமையைக் கொண்டு ஒரு மக்களின் தனித்துவத்தை மறுத்தது முன்னவரின் தவறு. பின்னவரோ குருதிவழியைத் தேடி, எதிராளியின் அளவுகோலையே கைக்கொண்டார். இருவரும் கொழும்பின் கற்றோர் குழாத்தினர்.

கண்டியரசில் நிலைமை வேறு. அங்கு அரச சேவை தொழில்வாரியாக வகுக்கப்பட்டிருந்தது. தவளமாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றிச்சென்ற முஸ்லிம்கள் 'மடிகே' எனும் போக்குவரத்துப் பகுதியைச் சார்ந்திருந்தனர். அவர்தம் உழைப்பைச் சுட்டிய அப்பெயர் எந்தப் பதிவுக் கூட்டிலும் இடம்பெறவில்லை. அம்மலைநாட்டு மாட்டுக்காரரையும் சிங்களப் பேச்சுவழக்கு 'மரக்கல' என்றே, அதாவது கப்பற்காரர் என்றே, அழைத்து வந்திருக்கின்றது.