யார் தீத்தினால் சோறு இறங்கும்?

கிளிநொச்சிப் பட்டினத்துக்கு மேற்கே, அக்கராயன் குளத்தை அண்டி, பெரும்போகமும் சிறுபோகமும் பார்த்து வாழும் ஸ்கந்தபுரம் போன்றதொரு விவசாயக் கிராமத்தில், புருஷனும் மனைவியும் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கிடைப்பதே பெரும் பாக்கியமாகக் கருதப்படுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது, பட்டினத்துச் சனங்கள் திரண்டு வந்து ஒதுங்கிய இடங்களில் ஸ்கந்தபுரமும் ஒன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்த ஊரே பெயர்ந்து கிழக்கு நோக்கிப் போயிற்று. யுத்தம் ஓய்ந்து திரும்பிய குடும்பங்களில், போனபோது இருந்த அத்தனை பேரோடும் திரும்பியவை எத்தனை என்று கேட்க ஒருவருக்கும் மனம் வராது. ஆகையால், தன் பிள்ளைக்குத் தன்னைவிடத் தன் துணையையே அதிகம் பிடித்திருக்கிறது என்று ஒரு தாயோ தகப்பனோ மனம் நொந்தால், அந்தத் துக்கத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ள இங்கே இடமில்லை. புருஷனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் அயல்வீட்டுக்காரியிடம், "என்ர மனுசன் பிள்ளையை என்னைவிட நல்லாப் பாக்கிறார்" என்பதை ஒரு குறையாக எந்த முகத்தோடு சொல்வது?

ஆயினும் குறை இருக்கத்தான் செய்கிறது. அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலை வந்த பிறகு, சுற்றுக் கிராமங்களின் இளம் தாய்மார் பலர் விடியற்காலையில் பஸ் ஏறிப்போய் மாலையில் திரும்புகிறார்கள். வயல் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு தகப்பன்மேல் விழுகிறது. அத்தகைய வீடொன்றின் இராச் சாப்பாட்டு நேரத்தை வாசகர்கள் மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். வந்த களையோடு கைகால் கழுவி, சோற்றைப் பருப்போடு குழைத்து, தாய் பிள்ளையை மடியில் இருத்துகிறாள். "அம்மா வேண்டாம், அப்பா தீத்தட்டும்" என்கிறது பிள்ளை. "நாள் முழுக்க அப்பாதானே தீத்தினவர், இப்ப அம்மா தீத்திறன், ஆ காட்டுங்கோ குஞ்சு" என்று அவள் கெஞ்ச, அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "நீர் களைச்சு வந்தனீர், தாரும், நான் குடுக்கிறன்" என்று கணவன் கோப்பையை வாங்குகிறான். நாலு வாயில் சோறு இறங்கிவிடுகிறது. அவன் செய்ததில் ஒரு பிழையுமில்லை. அவளுக்கு வலிப்பதும் அதனால்தான். அடித்தவனோடு சண்டை பிடிக்கலாம்; உதவி செய்தவனோடு என்னென்று சண்டை பிடிப்பது?

இதோடு மாமியாரும் அயலவரும், "இப்பிடி ஒரு மனுசன் கிடைக்கக் குடுத்து வைக்கவேணும்" என்று சொல்லும்போது அந்த வலி இரட்டிக்கிறது. இந்த விஷயத்தில் நம் சமூகம் இரண்டு தராசுகளை வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பிள்ளை தாயிடமே ஒட்டிக்கொண்டு தகப்பனை அண்டாவிட்டால், அது இயற்கை என்று சொல்லி அவனைச் சமாதானப்படுத்துகிறோம். தகப்பனிடம் ஒட்டிக்கொண்டாலோ, தாய் தன் ஸ்வபாவத்திலேயே ஏதோ கோளாறு என்று எண்ணிக் குமைகிறாள். அரசாங்கமும் இவ்விதமே நினைத்தது: 2013இல் இலங்கை கொண்டுவந்த விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவதைத் தடுத்தது, 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது, தகப்பன்மாருக்கோ அத்தகைய எல்லை எதுவும் விதிக்கப்படவில்லை.

தாய் ஒருத்தியே பிள்ளைக்குச் சகலமும் என்ற இந்த மனோபாவத்துக்குச் சென்ற நூற்றாண்டின் சாஸ்திரமும் பலம் கொடுத்தது. 1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக ஜோன் போல்பி என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய அறிக்கை, தாயின் பராமரிப்பை இழந்த குழந்தைகளின் மனநிலையை எடுத்துக்காட்டி உலகெங்கும் வாசிக்கப்பட்டது. ஆனால் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஷாஃபர், எமர்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அறுபது குழந்தைகளை வீடு வீடாகச் சென்று கவனித்து 1964இல் வெளியிட்ட முடிவுகள் வேறுவிதமாயிருந்தன. ஒன்றரை வயதாகும்போது பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் பாசம் வைத்திருந்தன. தகப்பனிடம் பாசம் கொண்டவை ஏறக்குறைய முக்காற்பங்கு. அதிலும் விசேஷம் என்னவெனில், யார் அதிக நேரம் வீட்டிலிருந்தார் என்பதைக் காட்டிலும், குழந்தையின் அழுகைக்கும் சிணுங்கலுக்கும் யார் உடனே முகங்கொடுத்தார் என்பதே அந்தப் பாசத்தை நிர்ணயித்தது. நேரக் குறைவே தன் குற்றம் என்று வருந்தும் தாய்க்கு இது ஓரளவு ஆறுதல் தரவேண்டும்.

நமது கோயில்களில் பொருள் சொல்லிப் படிக்கப்படும் கந்தபுராணத்திலும், தாய் ஒருத்தியே சகலமும் அல்ல என்பதற்கொரு திருஷ்டாந்தம் உண்டு. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாய்க் கிடந்த முருகனுக்குப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உமாதேவியார் பின்னரே வந்து ஆறு திருமேனியையும் ஒன்றாக அணைத்து எடுத்தார். பாலூட்டியவர்களின் பெயர் மறைக்கப்படவில்லை. கார்த்திகேயன் என்று அது குழந்தைக்கே சூட்டப்பட்டது. ஸ்கந்தன் பெயரால் வழங்கும் ஊரில் இதை நினைவூட்டுவது மிகையாகாது.

பிள்ளை தன்னை அண்டாத இந்தத் துன்பத்தின் கடுமையான வடிவத்தை வன்னியில் அநுபவித்தவர்கள் பெரும்பாலும் தகப்பன்மாரே. யுத்தம் ஓய்ந்த 2009 மே மாதத்தின் பின் 11,000க்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு, அடுத்த சில வருஷங்களில் படிப்படியாக விடுவிக்கப்பட்டார்கள். கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை ஓடித்திரியும் வயதில் இருக்கக் கண்ட தகப்பனுக்கு, அந்த இடைவெளி முழுவதையும் மனைவி தனியே நிரப்பியிருந்தாள் என்பது நன்றியையும் கூச்சத்தையும் ஒருங்கே தந்திருக்கும். கட்டாரிலிருந்து விடுமுறையில் வரும் தகப்பனுக்கும், தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளை அதே கூச்சத்தைத்தான் தருகிறது.

பிள்ளையின் பாசத்தில் தான் பின்தங்கியதாக உணர்பவர் அடுத்துச் செய்யும் காரியமே உண்மையான கெடுதல். அவர் மெல்ல விலகிக்கொள்கிறார். அல்லது தொலைபேசியையும் டொபியையும் கொடுத்துப் பிரியத்தை வாங்கப் பார்க்கிறார். அதுவும் பலிக்காவிட்டால் கண்டிப்புக்காரராகி விடுகிறார். விலகியவரிடம் பிள்ளை இன்னும் குறைவாகவே போகும்; அதைக் கண்டு அவர் இன்னும் விலகுவார். இதை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் மற்றவரின் கையில் இருக்கிறது. "அப்பிடி இல்லை, இங்க தாரும்" என்று அன்போடு சொல்லப்படும் ஒரு வார்த்தை, ஏச்சைவிட ஆழமாகத் துணைவரை வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாக்கி விடுகிறது.

ஆதலால் என் விண்ணப்பம், பிள்ளை வளர்ப்பில் கைதேர்ந்தவர் என்று ஊரார் மெச்சுகிறவருக்கே. கிணற்றடியில் குளிப்பாட்டுவதோ, சைக்கிளில் முன்பள்ளிக்குக் கொண்டுபோவதோ, ஏதாவது ஒரு வேலையை முழுவதுமாக உங்கள் துணையிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்துவிட்டு வளவின் மறுபக்கம் போய்விடுங்கள். முதல் சில நாட்கள் பிள்ளை உங்கள் பெயரைச் சொல்லி அழும், சவர்க்காரம் கண்ணில் படும், தலை சரியாகத் துவட்டப்படாது. அதற்காக ஓடிவந்து துவாயைப் பறிக்க வேண்டாம்.