நீரால் குளிரும் கணனி

மின்சாரமும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஈரக்கையால் ஆளியைத் தொடாதே என்று தாய்மார் பிள்ளைகளைக் கண்டியாத வீடு இல்லை. அங்ஙனமிருக்கவும், பல இலட்சம் ரூபாய் பெறுமதியான கணனியின் உள்ளே, மின்னோடும் உறுப்புகளின் மேலாகவே குழாய் வழியே நீரை ஓடவிடுவோர் இன்று பலர் உளர். இஃது என்ன விந்தை? இதனால் விளையும் பயன் யாது? முதன்முறையாக இம்முயற்சியில் இறங்குபவர் எவற்றை முன்னரே எண்ணித் துணிய வேண்டும்? இவ்வினாக்கள் ஆராயத்தக்கன.

கணனி உட்கொள்ளும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. இன்ரெல் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கோர் ஐ9-14900கே என்னும் செயலி, கடுமையாக உழைக்கும்போது 253 வாற்று வரை கொள்வது. என்விடியா நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 4090 என்னும் வரைகலை அட்டை 450 வாற்று கொள்வது. இரண்டும் ஒருசேர உழைப்பின் 703 வாற்று வெப்பம் பிறக்கும். உடைகளை அழுத்தும் மின்னழுத்தி பெரும்பாலும் 1000 வாற்று அளவினது என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வெப்பத்தின் கடுமை விளங்கும். மேலும், மின்னழுத்தியின் வெப்பம் அகன்றதொரு தகட்டிலே பரவுகிறது. கணனியின் வெப்பமோ அஞ்சல் முத்திரையிலும் பெரிதல்லாத சிலிக்கன் துண்டிலே பிறக்கிறது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடின், செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வழக்கமாக இப்பணியைச் செய்வது உலோகத் தகடுகளும் மின்விசிறியும் ஆகும். ஆனால் காற்று வெப்பத்தைச் சுமப்பதில் வலிமை குன்றியது. ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு லீற்றர் காற்றை அவ்வாறே சூடாக்கத் தேவையானதிலும் ஏறத்தாழ 3500 மடங்கு அதிகம். ஆகவேதான் மோட்டர் வாகனங்களின் எஞ்சினுக்கு நீர் துணையாயிற்று. பெருங்கணனிகளிலும் இது புதுமையன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1980ஆம் ஆண்டில் அறிவித்த 3081 என்னும் கணனி நீரால் குளிர்விக்கப்பட்டதே. அப்பிள் நிறுவனத்தின் பவர் மக் ஜீ5 வரிசையிலே, 2004ஆம் ஆண்டில் வெளிவந்த உயர்வகை மேசைக் கணனியும் திரவத்தால் குளிர்விக்கப்பட்டது.

அமைப்பு எளிதானது. செயலியின் மேல் செப்புப் பாளம் ஒன்று பொருந்தியிருக்கும். அதன் உள்ளே நுண்ணிய வரிப்பள்ளங்கள் உண்டு. பம்பி தள்ளும் நீர் அவற்றினூடே சென்று வெப்பத்தை ஏற்கிறது. பின்னர் றேடியேற்றரை அடைந்து, மின்விசிறிகள் வீசும் காற்றுக்கு அவ்வெப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சிறு தொட்டிக்கு மீள்கிறது. அங்கிருந்து மறுபடியும் பம்பிக்குச் செல்கிறது.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லும் கூலியாளே அது. சுமையை இறக்கும் இடம் றேடியேற்றர். அறையின் காற்று 30 பாகையாயிருப்பின், எத்துணை விலையுயர்ந்த கருவியை வாங்கினும் நீர் 30 பாகைக்குக் கீழே இறங்காது. கொழும்பின் பகல் வெம்மையில் நீரை 40 பாகையளவில் நிறுத்துவதே நல்ல பயன் எனலாம். ஆதலின், திட்டத்தின் முதற்படி வெப்பத்தைக் கணக்கிடுதலாகும். 120 மில்லிமீற்றர் மின்விசிறி ஒன்றுக்குரிய றேடியேற்றர்ப் பரப்பு, அதிக ஓசையின்றி ஏறத்தாழ 100 முதல் 120 வாற்று வரை வெளியேற்றும் என்பது கட்டுவோர் கைக்கொள்ளும் பொதுவிதி. மேற்கூறிய 703 வாற்றுக்கு அத்தகைய ஆறு பரப்புகள் வேண்டும். அஃதாவது 360 மில்லிமீற்றர் றேடியேற்றர் இரண்டு.

இரண்டாம் படி அளவெடுத்தல். 30 மில்லிமீற்றர் தடித்த றேடியேற்றருடன் 25 மில்லிமீற்றர் மின்விசிறி சேர்ந்தால் 55 மில்லிமீற்றர் இடம் வேண்டும். பெட்டியின் மேற்புறத்தில் அவ்விடம் உண்டா, தாய்ப்பலகையின் உறுப்புகள் இடிக்குமா என்பவற்றை வாங்குமுன்னரே அளந்து தாளில் வரைந்துகொள்ளல் நன்று. செயலிக்குரிய பாளம் அதன் தாங்கிக்குப் பொருந்துவதாயும், வரைகலை அட்டைக்குரிய பாளம் அந்த அட்டையின் மாதிரிக்கே செய்யப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். ஒரே பெயருடைய அட்டைகளும் செய்தவரைப் பொறுத்து அமைப்பில் வேறுபடும். குழாயின் உள்விட்டம், வெளிவிட்டம் ஆகிய இரண்டும் இணைப்பிகளுக்கு ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மாறினும் கசிவு நேரும். முதன்முறை கட்டுபவருக்கு, சூடாக்கி வளைக்கும் கடுங்குழாயினும் மென்குழாயே உகந்தது.

எவ்வுறுப்புக்கு நீர் முதலிற் செல்ல வேண்டும் என்று பலர் கலங்குவர். நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஓடுமாயின், 703 வாற்று முழுவதையும் ஏற்றபின்னும் அதன் வெப்பநிலை ஏறத்தாழ இரண்டரைப் பாகையே உயரும். ஆகவே வரிசை பெரிதன்று. தொட்டியிலிருந்து பம்பிக்கு நீர் தானாகவே இறங்கி வருதல் மாத்திரமே இன்றியமையாதது. நீரின்றி ஓடும் பம்பி விரைவிற் கெடும்.

மூன்றாவது உலோகங்களைப் பற்றியது. வேறுபட்ட இரு உலோகங்களின் இடையே உப்புநீர் தோய்ந்த அட்டையை வைத்து மின்னோட்டம் பெறலாமென வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர் 1800ஆம் ஆண்டில் காட்டினார். செப்புப் பாளத்தையும் அலுமினிய றேடியேற்றரையும் ஒரே நீரோட்டத்தில் இணைப்பவர், அறியாமலே அத்தகையதொரு மின்கலத்தைத் தம் கணனியுள் அமைக்கின்றார். அலுமினியம் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, துகள்கள் வரிப்பள்ளங்களை அடைக்கும். ஈற்றில் துளை விழும். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியன கூடி வாழ்வன. மலிவாகக் கிடைக்கிறது என்று அலுமினியத்தை இவற்றோடு கலத்தலாகாது.

நீரும் ஆராய்ந்து தெரிதற்குரியது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறும் கிணற்றுநீர் கேத்தலின் அடியில் வெண்படையாகப் படிதலை அப்பகுதியினர் நன்கறிவர். அப்படை மயிரிழை போன்ற பள்ளங்களில் படிந்தால் கணனியின் கதி என்னாகும்? காய்ச்சி வடித்த நீரையே கொண்டு, அதனுடன் அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தைக் கலத்தல் வேண்டும். அல்லது இதற்கெனவே விற்கப்படும் கலவையை வாங்கலாம். வடித்த நீர் மின்னைக் கடத்தாது, ஆதலின் சிந்தினும் தீங்கில்லை என்பர் சிலர். இது பாதியுண்மை. உலோகத்தைத் தொட்டு ஓடிய நீர் நாளடைவில் அயன்களைப் பெற்று மின்கடத்தியாகிவிடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது கசிவுச் சோதனை. கணனிக்கு மின்சாரம் கொடுத்த பின்னர் கசிவைக் காண்பவர், செலவிட்ட பணத்தையும் சேமித்த வேலையையும் ஒரு துளியில் இழக்கக் கூடும். ஆதலால், மின்வழங்கியிலிருந்து பம்பிக்குச் செல்லும் கம்பியைத் தவிர ஏனையவற்றை எல்லாம் கழற்றிவிட வேண்டும். 24 முனைச் செருகியில், இதற்கெனச் செய்த சிறு இணைப்பியைப் பொருத்தினால் பம்பி மாத்திரம் இயங்கும். தொட்டியை நிரப்புவதும், பம்பியைச் சில நொடி ஓட்டி நிறுத்துவதும், மீண்டும் நிரப்புவதுமாகச் செய்து, இணைப்புகள்தோறும் வெண்தாளை விரித்து 24 மணிநேரம் ஓடவிடல் வேண்டும். தாள் நனையாதிருந்தாலே ஏனைய கம்பிகளைப் பூட்டலாம். தாழ்ந்த இடத்தில் வடிகால் வாயில் ஒன்றை அமைத்து வைப்பவர், ஆண்டுக்கொருமுறை நீரை மாற்றும்போது தம் முன்யோசனையை மெச்சிக்கொள்வர்.

இத்தனை பாடும் யாவர்க்கும் வேண்டியதா என நேயர் வினவலாம். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பாடம் படிக்கவும் கணனி கொள்பவருக்கு இது வேண்டியதன்று. நல்லதொரு காற்றுக் குளிர்விப்பானே அவர்க்குப் போதும். அதுவே மலிவும் அச்சமற்றதும் ஆகும். கடுமையான வேலையை நெடுநேரம், ஓசையின்றிச் செய்விக்க விரும்புவோர்க்கே நீர் தகுந்த துணை. அவர்களும் வாங்குவதற்கு முந்திக் கணக்கிட்டு, பூட்டுவதற்கு முந்தி அளந்து, மின் கொடுப்பதற்கு முந்திச் சோதிப்பாராயின், பகையென்று எண்ணிய நீரும் மின்னும் ஒரே பெட்டியுள் பல்லாண்டு அமைதியாக வாழும்.