சிவப்பு ஊசி

சத்தும் மனசும் – 7

கோயிலுக்குப் போன அத்தை ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினாள். இடது காலில் இருந்த செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அன்று நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தென்காசியில் இருக்கும் என் அப்பாவின் அக்கா அவள். வயது எழுபத்தொன்று. மார்கழி பிறந்தால் விடியுமுன் எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவள், அந்த வருஷம் நாலு புள்ளி வைத்து இரண்டு கோடு இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பேரன் கொஞ்சம் சத்தம் போட்டாலும் எரிந்து விழுந்தாள். கடைக்குப் போனால் வாங்க வேண்டியதில் பாதி மறந்துபோயிற்று. நாக்கு எரிகிறது, ரசம்கூட ஆகவில்லை என்றாள். ஒருநாள் போனில், "எனக்கு எல்லாம் வெறுத்துப் போச்சுய்யா" என்று சொன்னபோது, மாமா போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் பெரியவர் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால் சொல்வதற்கு நம்மிடம் எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. வயசு, தனிமை, மருமகளோடு மனத்தாங்கல். ரத்தத்தைப் பரிசோதிக்கலாம் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது.

கால் மரத்துப்போவதைப் பற்றிக் கேட்டபிறகுதான் ஒரு டாக்டர் அந்தப் பரிசோதனையை எழுதினார். வைட்டமின் பி12 அளவு 110 என்று வந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை பிகோகிராம் என்பது கணக்கு. பொதுவாக 200-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்பார்கள். அத்தை பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. பதினான்கு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை. அதோடு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

முதல் ஊசி போட்ட அன்று, "ரத்தத்தையே அடைச்சு வச்சிருக்கானாய்யா?" என்று அத்தை கேட்டாள். அத்தனை சிவப்பு. அது கோபால்ட்டை நடுவில் வைத்த மூலக்கூறின் நிறம். வைட்டமின்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஓர் உலோக அணுவை வைத்திருப்பது பி12 ஒன்றுதான். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. இதை 'நரம்பு ஊசி' என்றும் 'சத்து ஊசி' என்றும் நம் ஊரில் சொல்கிறோம். அசதியாக இருக்கிறது என்று போகிறவர்களுக்கு, கேட்காமலேயே போட்டு அனுப்புகிற இடங்களும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சிவப்பு மருந்து ஈரலிலிருந்து வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால், ரத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, நாக்கு புண்ணாகி, கால் தள்ளாடி, புத்தி தடுமாறி இறந்துபோகிற ஒரு சோகை நோய் இருந்தது. வந்தவர் பிழைப்பதில்லை. 1926-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் 45 நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நாய்களிடம் இதற்கான முதல் தடயத்தைக் கண்ட ஜார்ஜ் விப்பிளையும் சேர்த்து மூவருக்கும் 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. மைனாட்டே கடுமையான சர்க்கரை நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த இன்சுலின் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த உயிர் மற்றவர்களுக்கு ஈரலைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

அதே ஊரில் வில்லியம் கேசில் என்ற மருத்துவர் செய்த சோதனையைப் படித்தால் முகம் சுளிப்போம். அவர் தானே மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தன் வயிற்றிலிருந்து அதை வெளியே எடுத்து, பதப்படுத்தி, நோயாளிகளுக்குக் குழாய் வழியாகச் செலுத்தினார். வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறாதவர்கள் இதில் தேறினார்கள். அதாவது, உணவில் உள்ள சத்தைக் கைபிடித்து அழைத்துப்போக வயிறு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது இல்லாவிட்டால் சாப்பிட்டும் பயனில்லை. 1948-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈரலிலிருந்து சிவப்புப் படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சிக்கலான வடிவத்தை 1956-ல் கண்டு சொன்னவர் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தபோதே சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தது இது. 1962-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சேர்ந்த எம். ஜாதவும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தவை தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த கைக்குழந்தைகள். பிறந்து சில மாதம் வரை நன்றாகத்தான் இருந்தன. பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது நின்றது. கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்பிப் பார்ப்பதில்லை. குப்புற விழப் பழகிய குழந்தை அதை மறந்தது; நின்ற தலை தொங்கிப்போனது. கை கால் முட்டிகளில் தோல் கறுத்தது. தாய்மார்கள் அசைவம் சாப்பிடாதவர்கள்; அவர்கள் உடம்பிலேயே பி12 குறைவு, அதனால் பாலிலும் குறைவு. குழந்தைகளுக்கு பி12 கொடுத்தார்கள். சில நாட்களிலேயே அவை சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தன.

ஆறு மாதக் குழந்தைக்குத் துக்கம் இல்லை, தனிமை இல்லை, மருமகள் இல்லை. அதன் சிரிப்பை மைக்ரோகிராம் கணக்கில் எடைபோடும் ஒரு பொருள் நிறுத்தியும் வைத்தது, திருப்பியும் கொடுத்தது. 'மனசு சரியில்லை' என்று ஒருவர் சொன்னால் அதில் உடம்பும் பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பி12 உடம்பில் என்னதான் செய்கிறது? நரம்புகளைச் சுற்றி மெழுகு பூசியதுபோல ஓர் உறை இருக்கிறது. அது கெடாமல் இருக்க இது வேண்டும். மூளை தன் ரசாயனங்களைச் செய்துகொள்ளும் தொழிற்கூடத்திலும் இதற்கு வேலை உண்டு. புதிய ரத்த அணுக்கள் பிறக்கவும் வேண்டும். அதனால்தான் இது குறைந்தால் சோகையும், கால் மரப்பும், மறதியும், காரணமில்லாத சிடுசிடுப்பும் வேறுவேறு வியாதிகள்போலத் தனித்தனியே தலைகாட்டுகின்றன. சிலருக்கு சோகையே வராமல் மனமும் நரம்பும் மட்டும் கெடும்.

பி12-ஐச் செடிகள் செய்வதில்லை, விலங்குகளும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்க, அது பாலுக்கும் இறைச்சிக்கும் போகிறது. நம் பெருங்குடலிலும் அவை உண்டு. ஆனால் நாம் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத் தாண்டிய பிறகு தயாராகும் சரக்கு நமக்கு உதவாது. முருங்கைக்கீரையில் எத்தனையோ நல்லது இருக்கிறது, பி12 இல்லை. பழைய சோற்றில் இருப்பதாகச் சொல்வார்கள். அதை நம்பி இருக்க முடியாது. மத்தி மீனும் ஈரலும் சாப்பிடுகிறவருக்குக் கவலை குறைவு. ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம் இருக்கிறது; நூறு மில்லி பாலில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நாள் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். அத்தை காபியில் ஊற்றிக்கொண்ட பாலையும் மோரையும் கூட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறாது.

அந்தப் பாதியையும் மாத்திரைகள் குறைத்தன. அத்தை சாப்பிட்ட சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் நல்ல மருந்து. கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடும்போது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தை அடக்குவது. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். ஈரலில் சில வருஷத்துக்கான சேமிப்பு இருப்பதால் பற்றாக்குறை உடனே தெரிவதில்லை. தெரியும்போதும், "சர்க்கரை இருக்கில்லே, கால் மரக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். மெட்ஃபார்மினை யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம். அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது, பி12-ம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தேவை இரண்டு மைக்ரோகிராம் என்றால் மாத்திரையில் 1,500 ஏன் என்று ஒரு வாசகர் கடிதத்தில் கேட்டிருந்தார். கேசில் கண்ட அந்த வயிற்றுப் புரதம் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் சுமக்காது. அதன் உதவி இல்லாமல் தானாகக் கசிந்து உள்ளே போவது நூற்றில் ஒரு பங்குதான். ஆயிரம் விழுங்கினால் பத்து சேரும். அந்தப் பத்து போதும். அதனால் பலருக்கு ஊசியே வேண்டாம், மாத்திரையே போதுமானது. நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் ஊசிதான் போடுகிறார்கள்.

அத்தைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. முதலில் ஆறியது நாக்கு. நாலாவது ஊசிக்குள் ரசம் சோறு இறங்கியது. பிறகு தூக்கம். மூன்றாவது வாரம் அவளே என்னைக் கூப்பிட்டாள். எத்தனையோ மாதமாக நாங்கள்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். "குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டு. சாரல் நல்லா அடிக்கு. பிள்ளைகளக் கூட்டிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்ததும் மருந்துக்கடைக்குப் போகத் தோன்றும். பொறுங்கள். பற்றாக்குறை உள்ளவருக்குத்தான் இது விளக்கேற்றுகிறது. அளவு சரியாக இருப்பவருக்கு ஊசி போட்டு மனசு லேசானால், ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நிம்மதியே அதற்குக் காரணமாக இருக்கலாம். வைட்டமின் டி-யில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய 18,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தினமும் வைட்டமின் டி-யோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மனச்சோர்வைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறையே இல்லை. நிரப்ப அங்கே பள்ளம் இல்லை.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். 'நரம்பு மாத்திரை'களில் பல, பி12-ஓடு பி6-ஐயும் சேர்த்தே வருகின்றன. பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே கை கால் மரப்பை உண்டாக்கும். மரப்பு போகச் சாப்பிடுகிற மாத்திரை மரப்பைக் கொடுக்கும், அதைக் கண்டு இன்னும் ஓர் அட்டை வாங்குவோம்.

அடுத்தது ஃபோலிக் அமிலம். பம்பாய் மில் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வந்த சோகையை ஆராய 1928-ல் இந்தியா வந்தவர் லூசி வில்ஸ். நம் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளை வைத்துச் சோதனைகள் நடத்தினார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்குவதைக் காட்டினார். பின்னால் அதிலிருந்த சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. பி12 குறைந்தவருக்கு இதை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஊறும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். மூன்றாவது, மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள், சத்து மாத்திரை கிடைத்துவிட்டது என்று அந்த மருந்தை விட்டுவிடவும் கூடாது.

குற்றாலத்துக்குப் போனோம். ஐந்தருவியில் கூட்டம் அதிகம் என்று அத்தை எங்களைப் பழைய குற்றால அருவிக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் பேச்சு. குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு செருப்பை மாட்டினாள். இரண்டடி வைத்தவள் நின்று, குனிந்து, இடது காலைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் காலின் மரப்பு முழுதாகப் போகவில்லை. நெடுநாள் கெட்டுக் கிடந்த நரம்பு எல்லாவற்றையும் திருப்பித் தருவதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். செருப்பு இருக்கிறதா என்று அவள் இப்போதெல்லாம் கண்ணால்தான் பார்த்துக்கொள்கிறாள்.

(தொடரும்)