லாரியில் ‘ஜி.பி.எஸ். ஜாமர்’ வைத்தால் சிக்குவது நிச்சயம்! கண்டுபிடிப்பது எப்படி?

ராசிபுரம்:

சேலம்-நாமக்கல் சாலையில் ராத்திரி பகலாக லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. டிரெய்லர், கேஸ் டேங்கர் என்று பல வண்டிகளில் இன்று ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை ஓனர் ஆபீசில் இருந்தபடியே செல்போனில் பார்த்துவிடலாம்.

“டீ குடிக்க நிறுத்தினாகூட போன் வந்துடுது” என்று டிரைவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. அந்த அலுப்பில் சிலர் தேடிப் போவதுதான் ‘ஜாமர்’. சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் போதும். ஜி.பி.எஸ். கருவி குருடாகிவிடும். ஆனால் அதை மாட்டியவரையே அது காட்டிக்கொடுத்துவிடும் என்பது பலருக்கும் தெரியாது.

மைக்செட் முன் ரகசியம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது ரொம்ப ரொம்ப பலவீனமாகி விடும்.

நித்திய சுமங்கலி மாரியம்மன் கோவில் திருவிழாவில் மைக்செட் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் காதில் ரகசியம் சொன்னால் கேட்குமா? அதே கதைதான். ஜி.பி.எஸ். பேசும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஜாமர் வெறும் இரைச்சலை கத்துகிறது. செயற்கைக்கோளின் குரல் அதில் அமுங்கிப் போகிறது.

அந்த சத்தம்தான் அதற்கு எமன். கத்துகிறவனை கண்டுபிடிப்பதா கஷ்டம்?

முதல் துப்பு

பாலத்துக்கு அடியில் வண்டி போனால் சில செயற்கைக்கோள்கள் மறையும், வெளியே வந்ததும் திரும்பி வரும். வெட்டவெளியில் போகும்போது எல்லா செயற்கைக்கோளும் ஒரே நொடியில் காணாமல் போனால் சந்தேகம்தான். செல்போன் டவர் கிடைக்கிறது, இடம் மட்டும் தெரியவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இப்போது வரும் சில கருவிகள் இரைச்சலை உணர்ந்ததும் ஆபீசுக்கு தாங்களாகவே தகவல் அனுப்பிவிடுகின்றன.

கோடு போட்டு பிடிப்பார்கள்

அடுத்த வேலை, சத்தம் எந்த திசையில் இருந்து வருகிறது என்று பார்ப்பது. இதற்கு திசை காட்டும் ஆன்டெனா இருக்கிறது. அதை மெல்ல சுற்றினால் எந்தப் பக்கம் இரைச்சல் அதிகமோ அந்தப் பக்கம்தான் ஜாமர்.

உதாரணமாக, ஆண்டகளூர் கேட்டில் நின்று பார்த்து மேப்பில் ஒரு கோடு. ராசிபுரம் பஸ் நிலையத்தில் நின்று பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆள் இருக்கிறார்.

ஓடும் வண்டி என்றால்? சாலை ஓரம் பல இடங்களில் கருவி வைப்பார்கள். ரேடியோ அலை ஒரு நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் போகும். எந்தக் கருவிக்கு சத்தம் முதலில் வந்தது, எதற்கு பிந்தி வந்தது என்ற வித்தியாசத்தை வைத்தே இடத்தை கணக்கு போட்டுவிடலாம். கூடவே கேமரா இருந்தால் நம்பர் பிளேட்டும் சிக்கும்.

இங்கிலாந்தில் இப்படி சாலை ஓரம் கருவி வைத்து பார்த்தார்கள். ஒரே இடத்தில் 6 மாதத்தில் 60-க்கும் மேற்பட்ட தடவை ஜாமர் சிக்கியது 2012-ல் தெரியவந்தது.

சின்ன சாமான், ஆயிரக்கணக்கில் அபராதம் என்று நினைத்தால்...

அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் விமானங்களை தரையிறக்க உதவும் கருவி ஜி.பி.எஸ். கோளாறால் தடுமாறியது. 2012 ஆகஸ்டில் அதிகாரிகள் திசை பார்த்து தேடியபோது, அந்தப் பக்கம் வந்த ஒரு பிக்கப் வண்டியில் ஜாமர் இருந்தது. முதலாளிக்கு தெரியக்கூடாது என்று டிரைவர் வைத்தது! 2013-ல் அவருக்கு 31 ஆயிரத்து 875 டாலர் அபராதம் போட்டார்கள்.

அவர் விமானத்தை நினைத்துக்கூட பார்த்திருக்க மாட்டார். நம்ம ஊர் லாரிகள் பெங்களூரு போகும் வழியிலும் ஓமலூர் அருகே சேலம் விமான நிலையம் இருக்கிறது.

டெல்லி விமான நிலையத்தில் 2025-ல் நடந்தது வேறு ரகம். அங்கே சிக்னலை அமுக்கவில்லை, பொய் சிக்னல் அனுப்பி குழப்பினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடும் வேலை, மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

3 ஆண்டு ஜெயில்

மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஜாமர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்பு துறை 2022-ல் எச்சரித்தது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டப்படி அதை கையில் வைத்திருந்தாலே குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இன்னொன்றையும் டிரைவர்கள் யோசிக்க வேண்டும். நடுராத்திரியில் டேங்கர் கவிழ்ந்தாலோ, யாராவது வண்டியை மடக்கினாலோ, உதவிக்கு வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது அந்த ஜி.பி.எஸ்.தான். “நான் வேகமாக வரவில்லை” என்று நிரூபிக்க டிரைவருக்கு இருக்கும் சாட்சியும் அதுதான்.

கருவி தானாக நின்றுபோனால் உடனே ஓனருக்கு போன் போட்டு, நேரத்தையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். தூங்கவும் சாப்பிடவும் நேரம் வேண்டும் என்றால் லோடு ஏற்றும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஓனர்களும் டீக்கடையில் வண்டி நின்றதற்கெல்லாம் போன் போடாமல் இருந்தால், ஜாமருக்கு வேலையே இருக்காது.